மேடையில் முழுமை பெற்ற இசை: மாக்மாவின் 'லைவ்' இரட்டை இசைத்தட்டு

பிரான்சின் மாக்மா இசைக்குழு 1975-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் 5 வரை பாரிஸில் உள்ள 'தவேர்ன் தெ லொலிம்பியா' அரங்கில் நிகழ்த்திய கச்சேரிகளின் பதிவுகள், அதே ஆண்டில் 'லைவ்' என்னும் எளிய தலைப்பில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தன. பின்வந்த பதிப்புகளில் 'ஹாய்' என்ற பெயரும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 70 நிமிடங்கள் ஓடும் இந்தத் தொகுப்பை, சோதனை முயற்சிகளை நாடும் ராக் இசையின் மேடைப் பதிவுகளுள் முதல் வரிசையில் வைக்கிறேன். பொதுவாக ராக் குழுக்களின் மேடைப் பதிவு என்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் நுணுக்கமாகச் செய்து முடித்த பாடல்களைக் கைதட்டலோடு மீண்டும் கேட்பதற்கான ஒரு நினைவுப்பொருளாகவே நின்றுவிடுகிறது. இங்கே நிலைமை நேர்மாறானது. மாக்மாவின் ஒலிப்பதிவுக் கூடப் பதிவுகள் கீர்த்தனையின் சுரக்குறிப்பைப் போல இருக்க, அந்தக் குறிப்பு உயிர் பெற்று நடமாடும் இடமாக இந்த மேடைப் பதிவு அமைந்திருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு இசை என்றால் எடித் பியாஃபும் ஷார்ல் அஸ்னவூரும்தான் பெரும்பாலும் பேச்சில் வருகிறார்கள். பிரெஞ்சு படித்த குடும்பங்களிலும், ஜூன் 21 அன்று நகரில் கொண்டாடப்படும் இசைத் திருவிழாவில் தெருவோரம் நின்று கேட்பவர்களிடமும் மாக்மா என்ற பெயரைச் சொன்னால், அடையாளம் கண்டுகொள்பவர்கள் மிகச் சிலரே என்பதே என் அனுபவம். பிரெஞ்சு மண்ணில் தோன்றிய இசைகளுள், கர்நாடக இசையையும் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த காதுக்கு மிக எளிதில் வழிவிடக்கூடிய ஒன்று இங்கேயே அறியப்படாமல் கிடக்கிறது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

மாக்மாவை 1969-இல் பாரிஸில் தொடங்கியவர் கிறிஸ்தியான் வாந்தேர் என்னும் டிரம்ஸ் கலைஞர். ஜாஸ் பியானோ கலைஞர் மோரிஸ் வாந்தேரின் வீட்டில் வளர்ந்த அவர், அமெரிக்க சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைத் தம் மானசீக குருவாகவே கருதியவர். கோல்ட்ரேன் 1967 ஜூலையில் மறைந்தபோது ஏற்பட்ட நிலைகுலைவே இந்தக் குழுவின் பிறப்புக்கு மறைமுகமான காரணம் என்று வாந்தேரின் வரலாற்றைப் படிப்பவர்கள் எளிதில் உணரலாம். சீரழிந்த பூமியை விட்டு வெளியேறிய மனிதர்கள் கோபாயா என்னும் கோளில் குடியேறுவதாக ஒரு புராணத்தை அவர் கற்பனை செய்தார். அந்தப் புராணத்தைப் பாடுவதற்குப் பிரெஞ்சு போதாது என்று கருதி, கோபாயன் என்னும் மொழியையும் தாமே உருவாக்கிக்கொண்டார். கருப்பு உடையும் நகம் போன்ற சின்னமும் அணிந்து மேடையேறிய இந்தக் குழுவின் இசையில் கோல்ட்ரேனின் ஜாஸ், ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் கூட்டுப்பாடல், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கியின் முரட்டுத் தாளம் ஆகிய மூன்றும் உருகி ஒன்றாகின்றன. ராக் என்ற சொல் அதற்கு ஓரளவுக்கே பொருந்தும். 'ஸோய்ல்' என்று அவர்களே தம் இசைக்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் பின்னர் ஒரு தனி இசை மரபே உருவாகி, ஜப்பானின் ரூயின்ஸ், கோயென்ஜிஹ்யக்கெய் போன்ற குழுக்கள் வரை பரவியிருக்கிறது.

பாட்டின் சொற்களுக்குப் பொருள் தெரியாவிட்டால் எப்படி ரசிப்பது என்ற கேள்வி முதலில் எழும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தடையாக இருக்கக் கூடாது. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீரநாட்டையின் சில சுரங்கள், தவிலின் கனத்த நடை, அடுத்தடுத்த காலங்களில் அந்த நடை இறுகுவது ஆகியவையே அதன் முழு உடல். ஆனாலும் தெய்வம் வாசலுக்கு வருகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. அதைப் போலவே, கொன்னக்கோல் சொல்பவர் 'தகதிமி' என்று தொடங்கும்போது அந்தச் சொல்லின் பொருளை யாரும் தேடுவதில்லை. அதன் எடையையும் வெட்டையும்தான் கேட்கிறோம். க்ளாவ்ஸ் பிளாஸ்கிஸும் ஸ்தெல்லா வாந்தேரும் பாடும் கோபாயன் சொற்களை அந்தக் காதோடு அணுகினால், சடங்கின் கனமும் தாளத்தின் கூர்மையும் ஒரே குரலில் சேர்ந்து வருவது புலப்படும். வல்லின மெய்கள் டிரம்ஸின் அடியோடு சேர்ந்து விழுவதும், நெடில்கள் ஆர்கனைப் போல நீண்டு நிற்பதும் தற்செயலானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொகுப்பின் உயிர்நாடி 'கோன்டார்க்'. இசைத்தட்டின் முதல் இரண்டு பக்கங்களையும் அது நிரப்புகிறது. இரு பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 32 நிமிடங்கள். இதே படைப்பு 1974-இல் 'கோன்டார்கோஸ்' என்ற கூடப் பதிவாக வெளிவந்திருந்தது. எமென்தெத்-ரே என்னும் பண்டைய எகிப்திய மன்னனின் கல்லறையைக் கண்டுபிடிக்கும் கோன்டார்கோஸ் என்பவன், உள்ளே நுழைந்த கணத்தில் அந்த மன்னனின் வாழ்வும் இரகசியங்களும் தன் மீது பாய்வதை உணர்கிறான் என்பதே இதன் கதை. கூடப் பதிவுக்கும் மேடைப் பதிவுக்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கூடப் பதிவில் முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவே, பேஸ் கிட்டார் கலைஞர் ழானிக் தோப் இயற்றிய 'ஓர்க் அலார்ம்' என்ற வேறொரு படைப்பு வந்து அமர்ந்துவிடும். அது தன்னளவில் நல்ல படைப்புதான் என்றாலும், கல்லறையின் வாசலில் நிற்பவனை யாரோ தோளைத் தொட்டு வேறு பக்கம் திருப்பிவிட்டதைப் போன்ற உணர்வை அது தரும். மேடையில் அந்தக் குறுக்கீடு இல்லை. முதல் பகுதி எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ, அதே இருட்டிலிருந்து இரண்டாம் பகுதி நகரத் தொடங்குகிறது. படைப்பின் வடிவத்தை இந்த ஒரு மாற்றமே சீராக்கிவிட்டது.

தொடக்கத்தில் வரும் கனத்த நாதக்கூட்டுகளை முதல் முறை கேட்பவர்கள் ஒலியளவைக் குறைக்காமல் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிரம்ஸும் பேஸும் கீபோர்டுகளும் ஒரே நேரத்தில் இடியாக இறங்க, அவற்றுக்கு மேலே குரல்கள் எழுகின்றன. அதன்பின் இசை திடீரென்று மெலிந்து, நிமிடக்கணக்கில் மிக மெதுவாக நகர்கிறது. இந்த மெதுவான நடையே படைப்பின் மிகத் துணிச்சலான பகுதி என்பது என் கருத்து. ராக் குழு ஒன்று, அதுவும் டிரம்ஸ் கலைஞர் தலைமையில் இயங்கும் குழு, தாளத்தின் வேகத்தைக் காட்டி அவையைக் கவர்ந்துவிடும் எளிய வழியை விலக்கி, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இவ்வளவு வெளியை விடுவதற்குத் தன்மீது அசாத்தியமான நம்பிக்கை வேண்டும். நல்ல பாடகர் ஆலாபனையின் தொடக்கத்தில் மந்திர ஸ்தாயி ஷட்ஜத்தைச் சுற்றியே நின்று, மேலே போகும் ஆசையைக் கேட்பவர்களிடம் வளர விடுவதைப் போன்ற பொறுமை இது. அந்தப் பொறுமைக்கான பலன் இரண்டாம் பகுதியில் கிடைக்கிறது. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கீபோர்டின் அடியில் டிரம்ஸ் மெல்ல மெல்ல நெருக்கத்தைக் கூட்ட, எந்த இடத்தில் வேகம் மாறியது என்று சொல்ல முடியாதபடி இசை ஓட்டமெடுத்து, இறுதியில் முதல் பகுதியின் பெருங்கனத்திற்கே வந்து சேர்கிறது. வேக மாற்றத்தை வெட்டாகக் காட்டாமல் இப்படி ஊற வைக்கும் கலையில் வாந்தேருக்கு இணையான ராக் டிரம்ஸ் கலைஞரை நான் கேட்டதில்லை.

எமென்தெத்-ரேயின் கதை இந்தப் பதிவோடு முடிந்துவிடவில்லை. அதன் முன்கதையான 'கே. ஏ.' 2004-இலும், நிறைவுப் பகுதியான 'எமென்தெத்-ரே' 2009-இலும்தான் முழு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே கற்பனையைக் கைவிடாமல் சுமந்த படைப்பாளியின் வேலை இது என்று தெரிந்து கேட்கும்போது, 1975-ஆம் ஆண்டின் கோன்டார்க்கில் உள்ள தீவிரம் ஓர் இளைஞனின் வேகமாக மட்டும் தோன்றுவதில்லை.

மூன்றாம் பக்கத்தில் உள்ள மூன்று படைப்புகளில் 'கோபா' 1970-ஆம் ஆண்டின் முதல் இசைத்தட்டில் வந்த 'கோபாயா'வின் சுருக்கமான வடிவம். முதல் வடிவத்தில் பத்து நிமிடங்கள் விரிந்து, ஊதுகருவிகளின் துணையோடு பல திசைகளில் திரிந்த அந்தப் படைப்பு, இங்கே ஏழு நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கட்டுக்கோப்பாக இருக்கிறது என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊதுகருவிகள் இல்லாத குறை இந்த ஓரிடத்தில்தான் தெரிகிறது. 'லீன்ஸ்' ஐந்து நிமிடங்களுக்கும் குறைவானது. கனமான உணவுக்கு நடுவே குளிர்ந்த மோர் போல, குரல்களின் மென்மையை மட்டும் நம்பி நிற்கிறது.

'ஹாய்' வேறு தரத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் எந்தக் கூடப் பதிவிலும் இடம்பெறாத இந்தப் படைப்பு, மின்பியானோவின் மெல்லிய ஒலிக்கு மேல் வாந்தேரின் தனிக்குரலோடு தொடங்குகிறது. உச்ச ஸ்தாயியில், கரகரப்பும் நடுக்கமும் கலந்து ஒலிக்கும் அந்தக் குரலைப் பயிற்சி பெற்ற பாடகரின் குரல் என்று சொல்ல முடியாது. ஆயினும் சொல்லின் துணையில்லாமல் மன்றாடலை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் குரலை நான் அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன். கோல்ட்ரேன் தம் சாக்ஸபோனில் செய்ததை வாந்தேர் தம் தொண்டையில் செய்ய முயல்கிறார் என்று எடுத்துக்கொண்டால் அந்தக் குரலின் இயல்பு விளங்கும். பிறகு குழு முழுவதும் நுழைந்து, இசை பாய்ந்து செல்லும் இரண்டாம் பாதியில், பாடியவரே டிரம்ஸில் இருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் முதல் தட்டிலிருந்து வரிசையாகப் போகாமல், ஒன்பது நிமிடங்களே ஓடும் ஹாயிலிருந்து தொடங்குவது நல்லது. இந்தக் குழுவின் மென்மையும் ஆவேசமும் ஒரு சேர அதில் கிடைக்கின்றன.

கடைசிப் பக்கம் முழுவதையும் 'மெகானிக் ஸாயின்' எடுத்துக்கொள்கிறது. 1973-இல் வெளிவந்து மாக்மாவுக்குப் பெயர் தேடித்தந்த 'மெகானிக் டெஸ்ட்ரக்டிவ் கொமாண்டோ' என்னும் நெடும்படைப்பிலிருந்து எடுத்து விரித்த பகுதி இது. ஏறத்தாழ 19 நிமிடங்கள். ரசிகர்களில் பலர் இதையே தொகுப்பின் சிகரம் என்பார்கள். கோன்டார்க்கையே நான் மேலே வைத்தாலும், அவர்கள் சொல்வதற்குக் காரணமான அந்த வயலினை மறுக்க யாராலும் முடியாது. வாசிப்பவர் திதியே லாக்வுட். 1956 பிப்ரவரியில் பிறந்த அவருக்கு இந்தப் பதிவின்போது வயது 19. காலே நகரில் மேற்கத்தியச் செவ்வியல் வயலின் பயின்று, ஜாஸ் வயலின் கலைஞர் ழான்-லுக் போந்தியின் வாசிப்பால் ஜாஸ் பக்கம் திரும்பிய இளைஞர், பெர்னார் பகனோத்தியின் பேஸ் ஒரே சுழற்சியைத் தளராமல் பிடித்திருக்க, அதன் மேல் தம் கற்பனையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிறார். முதலில் சிறு சிறு துண்டுகள். பிறகு அவற்றை இணைக்கும் நீண்ட இழைகள். அதன்பின் ஒரே சுரத்தை வில்லால் அறுத்து அறுத்து டிரம்ஸோடு சொற்போர் நடத்தும் நிலை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒன்றையொன்று தூண்டுவதைப் போல, வயலினும் டிரம்ஸும் இங்கே ஒன்றையொன்று விரட்டுகின்றன. யாருக்கு யார் துணை என்ற வேறுபாடு கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகிறது. வயலினை மனோதர்மத்துக்குரிய கருவியாகவே இரண்டு நூற்றாண்டுகளாக வளர்த்தெடுத்த நம் மரபிலிருந்து வருபவர்களுக்கு, மேற்கத்திய வயலின் ஒன்று இவ்வளவு நேரம் சொந்தமாகப் பேசுவதைக் கேட்பது தனி மகிழ்ச்சியைத் தரும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு லாக்வுட்டிடம் இன்னொரு உறவும் உண்டு. இந்த நகரில் பிறந்து, வீணைக் கலைஞராகவும் பரதநாட்டியக் கலைஞராகவும் பிரான்சில் புகழ்பெற்ற ரகுநாத் மானேயோடு இணைந்து அவர் பின்னாளில் 'ஓம்காரா' என்ற படைப்பை உருவாக்கினார். மெகானிக் ஸாயினைக் கேட்டபின் அதைக் கேட்டால், 19 வயதில் தாளச் சுழற்சியின் மேல் நிமிடக்கணக்கில் நின்று வாசிக்கப் பழகிய கைகள் தென்னிந்திய இசையை நோக்கி வந்ததில் ஓர் இயல்பான தொடர்ச்சி இருப்பதை உணரலாம். லாக்வுட் 2018 பிப்ரவரியில், 62 வயது நிறைந்த ஒரு வாரத்திற்குள் காலமானார். ஜாஸ் வயலின் உலகில் அவருடைய பெயர் பெரிய பெயர்; ஆனால் அந்தப் பெயர் முதன்முதலில் முழு வலிமையோடு ஒலித்தது இந்தப் பதிவில்தான்.

மற்ற கலைஞர்களில் பகனோத்தியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ழானிக் தோப்பைப் போன்ற மலையளவு பெயர் பெற்ற ஒருவர் விலகிய இடத்தில் வந்து நின்றவர் அவர். தோப்பின் வாசிப்பில் இருந்த அச்சுறுத்தும் இருட்டு இவரிடம் இல்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாக ஒரு துள்ளலும் தெளிவும் இருக்கின்றன. கோன்டார்க்கின் இரண்டாம் பகுதி மேடையில் கூடுதல் உயிரோட்டம் பெற்றதில் அவருடைய பங்கு பெரிது. பெனுவா வித்மானும் ழான்-போல் அஸ்லினும் இரண்டு ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோக்களைப் பகிர்ந்துகொள்ளும் விதம் நுட்பமானது. பழைய குழுவில் ஊதுகருவிகள் நிரப்பிய இடத்தை அவர்கள் மணியோசை போன்ற ஒரு மூட்டத்தால் நிரப்புகிறார்கள். குரல்களும் வயலினும் அந்த மூட்டத்தினூடே வந்து போவதே இந்தப் பதிவின் தனி நிறம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கப்ரியேல் ஃபெடரோவின் கிட்டார் பெரும்பாலான இடங்களில் மற்றவற்றின் அடியில் புதைந்து, இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்தைத் தருகிறது. உச்சக்கட்டங்களில் ஸ்தெல்லா வாந்தேரின் குரலை டிரம்ஸின் தாளத்தட்டுகள் விழுங்கிவிடுகின்றன; கூட்டுக்குரலின் மேல் அடுக்கு அவருடையது என்பதால் அந்த இழப்பு சிறியதன்று. கோபாயன் புராணத்தையே அறியாத ஒருவர் எழுபது நிமிடங்களையும் ஒரே அமர்வில் கேட்க முயன்றால் களைத்துப்போகவும் கூடும். இசைத்தட்டின் காலத்தில் நான்கு பக்கங்களாகப் பிரிந்திருந்த படைப்பு இது என்பதால், பக்கத்துக்குப் பக்கம் ஓய்வெடுத்துக் கேட்பதே பொருத்தம்.

குறுந்தட்டாக வாங்க விரும்புபவர்கள் வாந்தேரின் சொந்த நிறுவனமான 'செவன்த் ரெக்கார்ட்ஸ்' வெளியிட்ட பதிப்பைத் தேடலாம். மூல இசைத்தட்டில் இல்லாத சில பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. குறிப்பாக எமென்தெத்-ரேயின் முன்னறிவிப்பாக அமையும் எட்டு நிமிடப் பகுதி, 2009-இல் முழுமை பெறவிருந்த இசையின் விதையை அப்போதே காட்டுகிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பகனோத்தியின் பேஸ் அதில் முற்றிலும் காணாமல் போய்விடும். பேஸ் இல்லாத மெகானிக் ஸாயினில் வயலின் எதன்மேல் நின்று வாசிக்கிறது என்பதே புரியாது. நல்ல ஹெட்ஃபோனோ, கீழ் ஸ்தாயியைச் சிதைக்காத ஒலிபெருக்கியோ போதும். ஹாயில் தொடங்கி, லீன்ஸைக் கடந்து, இன்னொரு நாள் நேரம் ஒதுக்கிக் கோன்டார்க்கின் இரு பகுதிகளையும் இடைவெளியின்றி ஒன்றாகக் கேளுங்கள். குறுந்தட்டில் பக்கம் திருப்ப வேண்டிய தேவையும் இல்லை.